கிளைட் நதிக்கரையில் ஒரு கடை

அந்நிய தேசம் ஒன்றுக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவன அத்தேசத்தின் கோட்டைகளும் அரண்மனைகளும் ஆலயங்களுமேயாம். அரசர் வாழ்ந்த இடத்தைப் பார்த்தோம் என்று ஊர் திரும்பிச் சொல்லுவதில் ஒரு பெருமை உண்டு. ஆனால், மாவும் சீனியும் விற்ற ஒரு கடையைப் பார்க்கவென்று பிரயாணஞ் செய்பவர் எத்தனை பேர்? சென்ற ஆவணி விடுமுறையில் ஸ்கொத்லாந்து தேசத்திலே நான் மேற்கொண்ட பிரயாணம் அத்தகையதொன்று.

என் தங்கை கிளாஸ்கோ நகரிலே குடும்பத்துடன் வாழ்கிறாள். “அண்ணா, நாளைக்கு எடின்பரோக் கோட்டைக்குப் போவமா?” என்று அவள் கேட்டபோது, “கோட்டை பிறகு பார்க்கலாம் பிள்ளை, முதலில் நியூ லனார்க்கிலே ஒரு கடை இருக்கிறது, அதைப் பார்க்க வேணும்” என்றேன். அவள் சிரித்தாள். ஆயினும் காரணம் அவளுக்குத் தெரியும். எங்கள் ஐயா வலிகாமத்திலே ஒரு சங்கக்கடையின் முகாமையாளராய் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். கூட்டுறவுப் பரீட்சைக்கென அவர் படித்த பழைய புத்தகம் ஒன்றிலேதான் றொபேட் ஓவன் என்ற பெயரையும், நியூ லனார்க் என்ற ஊரின் பெயரையும் சிறுவனாயிருந்தபோது முதன்முதல் கண்டேன்.

கிளாஸ்கோவிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் லனார்க் என்னும் பழைய சந்தை நகரம் வரும். அங்கிருந்து ஒரு மைல் தூரம் இறக்கமான பாதையிலே நடக்க வேண்டும். பாதையின் வளைவு ஒன்றிலே திடீரெனக் கீழே பள்ளத்தாக்குத் தெரிகிறது. மரஞ் செறிந்த இரு கரைகள். நடுவே தேயிலைச் சாயம் போன்ற நிறத்துடன் இரைந்து செல்லும் கிளைட் நதி. அதன் ஓரத்தில் வரிசை வரிசையாய்ச் சாம்பர் நிறக் கற்கட்டடங்கள். ஆலைகள், தொழிலாளர் குடியிருப்புகள், பாடசாலை, கடை, கணக்கர் அலுவலகம் யாவும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. கையளவான இவ்வூரிலேதான் ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர் என்று நம்புதல் கடினமாயிருந்தது.

நீர் இழுத்து வந்த ஆலை

இவ்வூர் இங்கே தோன்றியதற்குக் காரணம் ஆற்று நீரே. லனார்க்கை அணுகும் கிளைட் நதி பாறைகளிலே பல படியாக வீழ்கிறது. அவற்றுள் பெரியதான கோறா லின் என்னும் வீழ்ச்சி ஏறக்குறைய 26 மீற்றர் உயரமுடையது. கவிஞர் வேட்ஸ்வேர்த் 1803 இல் வந்து பார்த்ததும், ஓவியர் டேணர் தூரிகை கொண்டு தீட்டியதும் இவ்வீழ்ச்சியையே. கவிஞரும் ஓவியரும் அழகைக் கண்ட அவ்விடத்திலே வர்த்தகர் ஒருவர் விசையைக் கண்டார். அவர் பெயர் டேவிட் டேல். சிறுவயதில் மாடு மேய்த்து, நெசவு பழகி, நூல் வியாபாரத்தினாற் செல்வரானவர். நீர்விசையால் நூல் நூற்கும் பொறியை இங்கிலாந்திலே நடைமுறைப்படுத்திப் புகழ்பெற்ற றிச்சட் ஆர்க்றைட் என்பாருடன் இவ்விடத்தைப் பார்வையிட்டு, 1785 இல் முதலாவது ஆலையைக் கட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே நூற்றல் ஆரம்பமாயிற்று.

ஆற்றின் மேற்பகுதியிலே நீரைத் திருப்பி, குன்றினூடே சுரங்கம் குடைந்து, ஆலைகளின் பின்புறமாக ஒரு வாய்க்காலிலே கொண்டு வந்தனர். அவ்வாய்க்காலிலிருந்து நீர் விழுந்து பெருஞ் சில்லுகளைச் சுழற்ற, அச்சுழற்சி தண்டுகளாலும் பட்டிகளாலும் மாடிக்கு மாடி ஏறி ஆயிரக்கணக்கான கதிர்களைச் சுழற்றிற்று. வாய்க்காலில் இன்றும் நீர் ஓடுகின்றது. அதன் கரையில் நின்று கேட்டால், இரணைமடுக் குளத்தின் வான் திறந்த நாளிலே கேட்கும் இரைச்சல் சிறிதாய்க் காதில் விழுவது போலிருக்கும்.

சில்லைச் சுழற்ற ஆறு இருந்தது. பொறிகளைப் பார்க்க ஆட்கள் வேண்டுமே! அமெரிக்காவுக்குப் புறப்பட்டுப் புயலினால் 1791 இல் கரைக்குத் திருப்பப்பட்ட கப்பலொன்றிலிருந்த வடபகுதி மலைநாட்டார் பலரை டேல் அழைத்து வந்து குடியேற்றினார். அவர்களைப் போல வடக்கிலிருந்து வந்தோர் வாழ்ந்த வீட்டு வரிசை இன்றும் ‘கெயித்னெஸ் வரிசை’ என்றே வழங்குகிறது. அவர்களாலும் போதாதபோது, பெருநகரங்களின் அநாதைப் பிள்ளைகளை வரவழைத்தார். 18 ஆம் நூற்றாண்டு முடிந்த வேளையில் ஏறக்குறைய 500 பிள்ளைகள் இவ்வாறு இங்கே இருந்தனர். காலை ஆறு மணி தொடக்கம் இரவு ஏழு மணி வரை ஆலை. அதன் பின்னர் பாடசாலை. டேல் அக்காலத்து முதலாளிகளுள் இரக்கமுடையவர் எனப் பெயரெடுத்தவர்; நல்லுணவும் தூய படுக்கையும் கொடுத்தார். எனினும், பதின்மூன்று மணி நேரம் ஆலையில் நின்ற ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் பின்னர் எழுத்து எவ்வாறு கண்ணில் நிற்கும்? ஆசிரியனாகிய நான் அந்த ஆலை மாடியிலே நின்று அதனை எண்ணிப் பார்த்தேன்.

கடைச் சிப்பந்தி முதலாளியானார்

டேலின் மகளை மணந்து, 1800 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி ஆலைகளின் நிருவாகத்தை ஏற்றவர் றொபேட் ஓவன். வேல்ஸ் நாட்டிலே நியூரவுண் என்னும் சிற்றூரில் 1771 இல் குதிரைச் சேணஞ் செய்வார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். பத்து வயதிலே ஒரு புடைவைக் கடைக்கு வேலை பழகச் சென்றார். இருபது வயதளவில் மான்செஸ்ரரிலே பெரிய நூற்பாலை ஒன்றின் முகாமையாளர். நியூ லனார்க்கைத் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து அவர் வாங்கிய விலை 60,000 பவுண்.

கடையிலே வளர்ந்தவருக்குக் கடையின் களவு தெரியும். நியூ லனார்க்கிற்கு வந்ததும் ஓவன் கண்டது இதுதான்: ஊரிலிருந்த சில்லறைக் கடைகள் தரங்குறைந்த பொருளைக் கூடிய விலைக்குக் கடனாகக் கொடுத்துவந்தன. தொழிலாளி எவ்வளவு உழைத்தாலும் கடன் கொப்பியிலிருந்து அவன் பெயர் நீங்குவதில்லை. அக்கால பிரித்தானியாவிலே பல முதலாளிகள் இதனினும் கொடியதைச் செய்தனர். தாமே கடை வைத்து, சம்பளத்தைப் பணமாகக் கொடாது தம் கடைப் பொருளாகவே கொடுத்து, ஒரு கையால் ஈந்ததை மறு கையாற் பறித்தனர். இக்கொடுமையைத் தடுக்கவே 1831 இல் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. நமது மலையகத்திலும், தொழிலாளியின் கடனைத் ‘துண்டு’ ஒன்றில் எழுதி, அதை வைத்தே அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய முறை 1921 வரை நீடித்ததை நாம் மறத்தலாகாது. கடன் கொப்பி எங்கும் ஒரே மொழியையே பேசுகிறது.

ஓவனும் கடை வைத்தார். ஆனால் அவர் செய்தது வேறு. நல்ல பொருளை மொத்தமாகக் கைப்பணம் கொடுத்து வாங்கினார். அடக்க விலைக்குச் சிறிதே கூட்டி விற்றார். இதனாற் குடும்பங்களுக்குச் செலவிலே நூற்றுக்கு இருபத்தைந்து மிச்சமாயிற்று என்று அவர் தம் சுயசரிதையிலே கூறுகிறார். அந்தச் சிறு இலாபமும் அவருடைய பெட்டிக்குள் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குச் சென்றது.

கடையினுள்ளே

கடைக் கட்டடம் ஊரின் நடுவே நிற்கிறது. 1810 க்கும் 1813 க்கும் இடைப்பட்ட காலத்திலே எழுந்தது. ஆலைகளைப் போல உயரமில்லை, அலங்காரமில்லை. பழைய காலத்துக் கடை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் காட்டுமாறு உள்ளே தட்டுகளும் நீண்ட மரமேசையும் தராசும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். என்னுடன் வந்த மருமகளுக்குப் பத்து வயது. “மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? இது கடைதானே?” என்று கேட்டாள்.

நான் அவளைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தேன். சில அடிகள் தள்ளி, ஆலைகளுக்கு எதிரே இரு கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று 1816 ஆம் ஆண்டு தை முதலாந் தேதி ஓவன் திறந்துவைத்த நற்பண்பு உருவாக்கும் நிலையம். மற்றையது அதனை அடுத்தெழுந்த பாடசாலை. “அந்தக் கடையில் ஒரு தாய் மா வாங்கினால், அதிலே மிஞ்சும் காசு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தன் பிள்ளை படிப்பதற்கு அவள் மா வாங்கும்போதே உதவினாள்” என்றேன். பிள்ளை கடையையும் பாடசாலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பாடசாலையைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை பல. பத்து வயதுக்குட்பட்டோரை ஆலைக்கு எடுப்பதில்லை என ஓவன் விதித்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளரையும் மொலி யங் என்னும் பதினேழு வயது மங்கையையும் ஆசிரியராய் நியமித்து, எக்காரணங்கொண்டும் பிள்ளையை அடித்தலாகாது, கடுஞ்சொற் சொல்லலாகாது என்று கட்டளையிட்டார். சுவரிலே மிருகங்களின் படங்களும் பெரிய தேசப்படங்களும் தொங்கின. பாட்டும் நடனமும் பாடமாயின. பிரம்பின்றிப் பாடமில்லை என்றிருந்த காலத்திலே இது நடந்ததென்பதை எண்ணும்போது, நான் மாணவனாயிருந்து வாங்கிய அடிகள் நினைவுக்கு வந்தன. அதிசயத்தைக் காண ஐரோப்பா எங்கணுமிருந்து மக்கள் வந்தனர். பின்னாளில் ருஷ்யாவின் சக்கரவர்த்தியான நிக்கலஸ் என்பாரும் அவர்களுள் ஒருவர்.

மற்றுமொரு செய்தி. 19 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது ஆலைப் பொறிகள் நான்கு மாதம் நின்றன. ஓவன் ஒருவரையும் விலக்காது, பொறிகளைத் துடைத்துப் பேணும் பணியைக் கொடுத்து, முழுச் சம்பளத்தையும் வழங்கினார். 7,000 பவுணுக்கு மேற் செலவாயிற்று. அதுவரை இந்த வெளியூர் முதலாளியை நம்பாதிருந்த மக்கள் அதன் பின்னரே நம்பினர். தடை என்பது வீட்டு அடுப்பிலே என்ன செய்யும் என்பதை அறிந்த நமக்கு இதன் பெறுமதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தராசின் மறுதட்டு

புகழ்ச்சியுடன் நிறுத்திவிடலாம், ஆயின் ஐயாவின் மகன் தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்தல் தகாது.

ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கிற்று. முதல் நாள் வேலை தீயதாயின் கறுப்பு, சுமாராயின் நீலம், நன்றாயின் மஞ்சள், மிக நன்றாயின் வெள்ளை. அடியும் ஏச்சும் இல்லைத்தான். ஆனால் ஒருவருடைய மானம் எல்லார் கண்ணுக்கும் முன்னே நாள்முழுதும் தொங்கிற்று. வீடுகள் துப்புரவாயுள்ளனவா என்று பார்க்க ஆட்கள் வந்தனர். பெண்கள் அவர்களை மூட்டைப்பூச்சி பிடிப்பவர் எனப் பரிகசித்தனர். கடையின் விலையை நிருணயிப்பவர் ஓவன்; இலாபத்தை எதற்குச் செலவிடுவதென்று தீர்மானிப்பவரும் ஓவன். வாங்கும் மக்களுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. நல்ல தகப்பன் போன்ற முதலாளி, ஆயினும் முதலாளியே.

இன்னும் ஒன்று. அந்த ஆலைகளிலே நூலான பருத்தி எங்கிருந்து வந்தது? மேற்கிந்திய தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைகளாய்க் கட்டுண்ட கறுப்பின மக்களின் கைகளிலிருந்து வந்தது. கிளாஸ்கோவிலே அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1791 இல் எழுந்த சங்கத்துக்குத் தலைவராயிருந்தவர் டேவிட் டேலே. அவருடைய ஆலை நூற்றதும் அடிமைகள் பறித்த பஞ்சையே. மனிதனின் நெஞ்சுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்!

ஓவனின் கடையிலே இல்லாதிருந்ததைச் சேர்த்தவர்கள் ஏழைத் தொழிலாளரே. இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே, ஓவனின் கருத்துக்களை அறிந்த சிலரும் உட்பட, நெசவாளரும் பிற தொழிலாளருமாய் 28 பேர் வரையில் ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து, 1844 ஆம் ஆண்டு மார்கழி 21 ஆந் தேதி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அன்று அவர்களிடம் விற்பதற்கிருந்தவை வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுவர்த்தி என்பனவே. ஆனால், பங்கு எத்தனையாயினும் ஓர் அங்கத்தவருக்கு ஒரே வாக்கு; இலாபம் வாங்கியவருக்கே அவர் வாங்கிய அளவுக்குத் திரும்பும்; ஒரு பகுதி கல்விக்கு என்ற விதிகள் இருந்தன. ஓவன் மக்களுக்காகக் கடை நடத்தினார். றொச்டேல் மக்கள் தமக்காகத் தாமே நடத்தினர். உலகெங்கும் பரவியது இவ்விரண்டாவது கடையே. இலங்கையிலே 1911 இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. வடக்கிலே அவ்விதை நன்கு முளைத்தது. மூளாயிலே ஊரவர் சேர்ந்து கூட்டுறவு வைத்தியசாலையே அமைத்தனர். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் தாங்கி நிற்பதும் ஒரு பெருங் கூட்டுறவாளரின் பெயரையன்றோ?

ஆயினும் பஞ்சின் கதை அங்கும் தொடர்ந்தது. பிரித்தானியக் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கங்கள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தம் அங்கத்தவருக்கு நல்ல தேயிலை கொடுக்கவென்று இலங்கையிலே தோட்டங்களை வாங்கின. மான்செஸ்ரரிலே அதை வாங்கிக் குடித்த தொழிலாளி அங்கத்தவர். அவருக்கு வாக்கும் உண்டு, இலாபப் பங்கும் உண்டு. கொழுந்து பறித்த நம் பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. எந்தக் கடையைப் பார்த்தாலும், அதன் பின்கதவால் பொருள் எந்தக் கைகளிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டுமென்பதை நியூ லனார்க் எனக்கு உணர்த்திற்று.

நின்ற சில்லு

ஓவன் 1825 அளவில் இவ்வூரை விட்டு அமெரிக்காவிலே புதிய சமுதாயம் அமைக்கச் சென்றார், அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆலைகள் பிறர் கைக்கு மாறின. பின்னாளில் வலையும் கித்தானும் செய்தன. இறுதியில் 1968 இல் மூடப்பட்டபோது 350 பேர் வேலையிழந்தனர். பின்னர் பழைய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் இடமாயிற்று, கூரைகள் ஒழுகின. இடித்துவிடுவார்களோ என்றிருந்த நிலையிலே, 1974 இல் ஒரு பாதுகாப்பு நிதியம் தோன்றி வீடு வீடாக, மாடி மாடியாகத் திருத்திற்று. 2001 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. முதலாவது ஆலை இன்று தங்குமனை. திருத்திய வீடுகளிலே குடும்பங்கள் வாழ்கின்றன. சன்னல்களிலே பூச்சாடிகள் இருந்தன. ஒரு முற்றத்திலே துணி உலர்ந்துகொண்டிருந்தது. வெறும் நூதனசாலையாகாது ஊராகவே அது பிழைத்திருப்பது என் மனத்துக்கு நிறைவளித்தது.

மாலையிலே திரும்பும் முன் மறுபடியும் கடைக்குள் நுழைந்து தராசருகே சிறிது நேரம் நின்றேன். எங்கள் ஐயா ஒவ்வொருவருக்கும் நிறுக்குமுன் வெறுந் தட்டுகளை ஒருமுறை ஆட்டி, முள் நடுவிலே நிற்கிறதா என்று பார்ப்பார். நீண்ட வரிசை நிற்கும்; ‘மனேச்சர் ஐயா, கெதியாய்’ என்று குரல்கள் எழும்; அவர் அசையார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே புறப்பட்டபோது, சைக்கிளின் பின்னே அவர் கட்டியது ஒரு சீனிச் சாக்கு. நாவற்குழி தாண்டிய பின்பே அம்மா அதனை அவிழ்த்துப் பார்த்தா. உள்ளே உடுப்பில்லை, பாத்திரமில்லை, சங்கத்தின் கணக்குக் கொப்பிகள்! அம்மா அழுதா, ஏசினா. “இது எங்கட சாமான் இல்லை, சனத்தின்ர” என்றார் ஐயா. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும் ஒரு தாள் குறையாமல் அவற்றைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். அந்தச் சம்பவத்திற்காக ஐயாமீது நெடுங்காலம் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் உயிருடன் இருந்தபோது அது முற்றாக நீங்கவில்லை.

கிளைட் நதிக்கரையிலே அது நீங்கிற்று. ஓவனிடம் அதிகாரமிருந்தது, பெருஞ் செல்வமிருந்தது, அவர் நீதியாய் நடந்ததை உலகம் எழுதி வைத்தது. ஐயாவிடம் இருந்தது பிறருடைய கணக்கு மட்டுமே. ஆயினும், கடை சனத்தினது என்ற அந்த ஒரு வசனத்திலே, ஓவன் எட்டாத இடத்தை அவர் எட்டியிருந்தார்.

“மாமா, போவமா? பஸ் வந்திட்டுது” என்றாள் மருமகள். வெளியேறுமுன், காண்பவர் சிரிப்பரே என்று எண்ணாது, அந்தத் தராசின் தட்டை மெல்ல ஒருமுறை ஆட்டினேன். முள் அசைந்து, நடுவிலே வந்து நின்றது.